கட்டணமில்லா வாசலும் மூடிய மண்டபமும்





விடுமுறை வந்துவிட்டால் பிள்ளைகளை எங்கே அழைத்துச் செல்வது என்னும் பேச்சு நம் வீடுகளில் தொடங்கிவிடுகிறது. ராட்டினங்களும் நீர்ச்சறுக்குகளும் நிறைந்த பொழுதுபோக்குப் பூங்காக்களுக்குப் போகலாமா என்று மதரஸாவுக்கு வரும் தாய்மார்கள் என்னிடம் கேட்பதுண்டு. தொழுகைக்கு இடமும் நேரமும் கிடைக்குமா, உணவு ஹலாலானதா, உடையின் ஒழுக்கத்தைப் பேண முடியுமா, செலவு வீண்விரயமாகிவிடாதா என்று பார்த்துக்கொள்ளச் சொல்வேன். இவையனைத்தும் ஒரு முஸ்லிம் குடும்பம் கேட்டாக வேண்டிய கேள்விகள். இவற்றோடு சேர்த்துக் கேட்க வேண்டிய வேறொரு கேள்வியும் உண்டு. அதை எனக்கு உணர்த்தியது, உலகின் மறுகோடியில் ஓர் ஏரிக்கரையில் இருந்து மறைந்துபோன ஒரு பூங்காவின் வரலாறு.

என் தம்பி சில ஆண்டுகளாக அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் பணிபுரிகிறான். கிளீவ்லாந்து நகரின் கிழக்குப் பகுதியில், ஈரி ஏரியை ஒட்டிய சாலையோரம் நிற்கும் ஒரு தோரண வாயிலின் படத்தை ஒருமுறை அனுப்பியிருந்தான். அந்த வாயிலுக்குப் பின்னால் பூங்கா எதுவும் இல்லை; உயர்ந்த அடுக்குமாடிக் குடியிருப்புகள்தாம் இருந்தன. உள்ளே செல்ல ஒன்றுமில்லாத இடத்தில் வாயிலை மட்டும் ஏன் காத்து வைத்திருக்கிறார்கள் என்று கேட்டேன். "படித்துப் பார் அக்கா, உன் பாடத்துக்கு உதவும்" என்றான். படித்தேன், உதவியது. அதனால்தான் உங்களோடும் பகிர்ந்துகொள்கிறேன்.

மதுவும் சூதும் இருந்த இடம்

அந்தப் பூங்காவின் பெயர் யூக்ளிட் பீச் பூங்கா. 1895ஆம் ஆண்டு அது திறக்கப்பட்டது. நியூயார்க் நகரின் கோனி தீவில் இருந்த கேளிக்கை இடங்களைப் பார்த்து அதே மாதிரியில் அமைத்தார்கள். மதுக்கூடம், சூதாட்டம், மனிதரின் உடற்குறையைக் காட்சிப்பொருளாக்கிக் காசு பார்க்கும் கூடாரங்கள் ஆகியவை அங்கே இருந்தன. உள்ளே நுழையவே கட்டணம் வாங்கினார்கள். எனினும் அந்தத் தொழில் எதிர்பார்த்தபடி செழிக்கவில்லை.

அந்தப் பூங்காவில் ஹம்ப்ரி என்னும் குடும்பத்தினர் சோளப்பொரிக் கடை வைத்திருந்தனர். விவசாய நிலத்தை இழந்து, நகரத்துக்கு வந்து, பாப்கார்ன் விற்றுப் பிழைத்த குடும்பம் அது. மதுவும் சூதும் ஆடிய இடத்தில் வியாபாரம் செய்வது அவர்களுக்குப் பிடிக்கவில்லை. ஆகவே கடையை விட்டு வெளியேறினார்கள். பின்னர் 1901ஆம் ஆண்டு, டட்லி ஹம்ப்ரி என்பவரின் தலைமையில் அக்குடும்பமே பூங்காவின் நிர்வாகத்தை எடுத்துக்கொண்டது.

அதன் பிறகு அவர்கள் செய்தவை நம்மில் பலரும் பாராட்டத்தக்கவை. மதுவை முற்றிலும் நிறுத்தினார்கள். சூதாட்டத்தை அகற்றினார்கள். உடற்குறை உடையோரைக் காட்சிப்படுத்தும் கூடாரங்களைக் களைந்தார்கள். வாசல் கட்டணத்தை ஒழித்தார்கள். உள்ளே வந்து ஏரிக்காற்று வாங்கிக்கொண்டு மரநிழலில் அமர்ந்து எழுந்து போவதற்கு ஒரு காசும் தர வேண்டியதில்லை. விளையாட்டுகளில் ஏற விரும்புவோர் மட்டும் அவற்றுக்குச் சீட்டு வாங்கினால் போதும். ஒழுங்கைக் காக்கத் தங்களுக்கென்று காவலர்களையும் வைத்துக்கொண்டார்கள். குடும்பத்தோடு அச்சமின்றி வரத்தக்க இடம் என்னும் நற்பெயர் பரவியது. ஆலைத் தொழிலாளர்களும் குடியேறி வந்த ஏழைக் குடும்பங்களும் கூட்டம் கூட்டமாக வந்தார்கள்.

ஆண்டுகள் செல்லச் செல்லப் பூங்கா வளர்ந்தது. 1910ஆம் ஆண்டு கைவேலைப்பாடு மிக்க மரக்குதிரைகள் கொண்ட ராட்டினம் ஒன்று வந்தது. 1913ஆம் ஆண்டு, இரு வண்டித்தொடர்கள் ஒன்றையொன்று முந்திச் செல்லும் மரத்தாலான ரோலர் கோஸ்டர் வந்தது. 1924ஆம் ஆண்டு ‘திரில்லர்’ என்னும் பெரிய ரோலர் கோஸ்டரை எழுப்பினார்கள். 1930ஆம் ஆண்டு ‘ஃபிளையிங் டர்ன்ஸ்’ என்ற ஒன்றை அமைத்தார்கள். அதில் தண்டவாளமே கிடையாது. பிளந்த குழாயைப் போன்ற மரப்பள்ளத்தில் வண்டிகள் தாமாகச் சரிந்து, வளைவுகளில் சுவரேறிப் பாயும். இவற்றோடு நீச்சலுக்கான ஏரிக்கரை, சக்கரக் காலணி அணிந்து சறுக்கும் அரங்கு, பெரிய நடன மண்டபம் ஆகியவையும் இருந்தன.

இவ்வளவையும் படித்தபோது என் மனம் மகிழ்ந்ததை மறைப்பதற்கில்லை. மார்க்கம் அறியாத ஒரு குடும்பம், வருமானம் போனாலும் பரவாயில்லை என்று மதுவையும் சூதையும் விலக்கி, அதன் பிறகும் பல பத்தாண்டுகள் செழித்திருக்கிறது. ‘ஹராம் இல்லாமல் தொழில் நடத்த முடியாது’ என்று சொல்லும் நம் வியாபாரிகளுக்கு இதைவிட நல்ல பதில் வேண்டியதில்லை.

உள்ளே இருந்த இன்னொரு வாசல்

ஆனால் அந்தத் தூய்மைக்கு உள்ளே இன்னொரு வாசல் இருந்தது. அதன் மேல் எழுத்துப் பலகை எதுவும் இல்லை. ஆயினும் அது யாருக்கு மூடப்பட்டது என்பதை நகரமே அறிந்திருந்தது. கறுப்பின மக்கள் பூங்காவுக்குள் வரலாம்; ராட்டினங்களில் காசு கொடுத்து ஏறலாம். நடன மண்டபத்துக்குள் அவர்களுக்கு இடமில்லை. சறுக்கு அரங்கிலும் இடமில்லை. ஏரியில் நீராடும் வசதியும் அவர்களுக்கு மறுக்கப்பட்டது. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் நிகழ்ந்ததாக நாம் படிக்கும் செய்தி வடக்கிலும் நிகழ்ந்தது. பொது இடங்களில் இனப் பாகுபாடு கூடாது என்று ஒஹாயோ மாநிலம் 1884ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றியிருந்தது. அந்தச் சட்டத்துக்குப் பிறகு பதினோர் ஆண்டுகள் கழித்துத் திறக்கப்பட்ட பூங்கா இது.

இரண்டாம் உலகப் போர் முடிந்தது. நாட்டுக்காகப் போரிட்டுத் திரும்பிய கறுப்பின இளைஞர்கள் இனியும் பொறுப்பதற்கில்லை என்றார்கள். 1946ஆம் ஆண்டு கோடையில் கறுப்பரும் வெள்ளையருமாகச் சேர்ந்த ஒரு குழுவினர் நடன மண்டபத்துக்குச் சென்றனர். பூங்காக் காவலர்கள் அவர்களைத் தடுத்தனர். இன சமத்துவத்துக்காகப் பாடுபட்ட ‘கோர்’ என்னும் அமைப்பினர் மீண்டும் முயன்றபோது வெளியேற்றப்பட்டனர். செப்டம்பர் 21ஆம் நாள் அவர்கள் மறுபடியும் வந்தார்கள். அப்போது பணிநேரத்தில் இல்லாத கறுப்பின நகரக் காவலர் இருவர் அங்கே இருந்தனர். தலையிட்ட அவர்களுக்கும் பூங்காக் காவலர்களுக்கும் இடையே கைகலப்பு மூண்டது. நகரக் காவலர் ஒருவரின் காலில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்தது. நகரத் தலைவர் கேட்டுக்கொண்டதன் பேரில் அந்தப் பருவத்துக்கான பூங்கா முன்கூட்டியே மூடப்பட்டது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஆணும் பெண்ணும் கலந்து ஆடும் நடனம் நம் மார்க்கத்தில் ஏற்கத்தக்கதன்று. அந்த மண்டபத்தில் நம் பிள்ளைகள் ஆடவேண்டும் என்று யாரும் விரும்பமாட்டோம். ஆனால் அன்று வாசலில் நின்றவர்களைத் தடுத்தவர்கள் நடனம் பாவம் என்று சொல்லித் தடுக்கவில்லை. மற்றவர்கள் உள்ளே ஆடிக்கொண்டுதான் இருந்தார்கள். தோலின் நிறத்தைப் பார்த்துத் தடுத்தார்கள். மதுவை விலக்கிய அதே கைகள்தாம் மனிதரையும் விலக்கின. இரண்டையும் ஒரே ‘கண்ணியம்’ என்ற பெயரால்தான் செய்தன. இதுதான் என்னை நெடுநேரம் சிந்திக்க வைத்தது.

மதீனாவில் ஒரு பெருநாள்

இதைப் படித்த வாரத்தில் மதரஸாவில் பெருநாள் பாடம் நடந்துகொண்டிருந்தது. பெருநாள் அன்று அபிசீனியர்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பள்ளிவாசலில் ஈட்டிகளைக் கொண்டு வீர விளையாட்டு ஆடிய நிகழ்ச்சியைப் பிள்ளைகளுக்குச் சொன்னேன். ஸஹீஹுல் புகாரியிலும் ஸஹீஹ் முஸ்லிமிலும் இடம்பெற்றிருக்கும் செய்தி அது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுக்குப் பார்க்க விருப்பம் இருந்தது. நபியவர்கள் தம் பின்னால் அவர்களை நிறுத்திக்கொண்டு, அவர்களே போதும் என்று சொல்லும்வரை பொறுமையாக நின்றார்கள். உமர் (ரலி) அவர்கள் ஆட்டக்காரர்களைத் தடுக்க முற்பட்டபோது, அவர்களை விட்டுவிடுமாறு நபியவர்கள் கூறினார்கள்.

இந்தச் செய்தியைப் பல ஆண்டுகளாகக் கற்பித்து வருகிறேன். பெரும்பாலும் இரண்டு பாடங்களை இதிலிருந்து எடுப்போம். பெருநாளில் ஆகுமான விளையாட்டுக்கு இடமுண்டு என்பது ஒன்று. மனைவியின் மகிழ்ச்சியைப் பேணுவது சுன்னத் என்பது மற்றொன்று. இம்முறை மூன்றாவது ஒன்று என் கண்ணில் பட்டது. ஆடியவர்கள் யார்? கறுத்த நிறத்தவர்கள், ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்கள், அரபுக் குலப் பெருமையின் கணக்கில் எந்த இடமும் இல்லாதவர்கள். அவர்கள் ஆடிய இடம் எது? ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்ட திடலா? மஸ்ஜிதுந் நபவி! அவர்களுடைய விளையாட்டை நின்று பார்த்தவர்கள் யார்? அல்லாஹ்வின் தூதரும் அவர்களின் துணைவியாரும்!

நடன மண்டபத்தின் வாசலில் காவலரை நிறுத்திய அந்தப் பூங்காவையும், பள்ளிவாசலின் முற்றத்தையே திறந்துவிட்ட அந்தப் பெருநாளையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். இரண்டுக்கும் இடையே பதின்மூன்று நூற்றாண்டுகள். பிந்தி வந்தது எது, முந்தி நிற்பது எது என்று பிள்ளைகளே சொல்லிவிட்டார்கள்.

நம் மார்க்கம் இந்த நோயை வணக்கத்திலேயே அறுத்தது. அறியாமைக் காலத்தில் குறைஷியர் ஹஜ்ஜின்போது மற்ற மக்களோடு அரஃபாவுக்குச் செல்லமாட்டார்கள். ‘நாங்கள் புனித எல்லைக்கு உரியவர்கள்’ என்று சொல்லி முஸ்தலிஃபாவிலேயே தங்கிவிடுவார்கள். அவர்களுக்கும் ஒரு தனி மண்டபம் இருந்தது எனலாம். மக்கள் எங்கிருந்து திரும்புகிறார்களோ அங்கிருந்தே நீங்களும் திரும்புங்கள் என்னும் கருத்தில் அல்பகரா அத்தியாயத்தின் 199ஆம் வசனம் இறங்கியது. அத்தோடு அந்தத் தனிச்சிறப்பு முடிவுக்கு வந்தது.

சட்டத்துக்கு ஒரு தந்திரம்

1946ஆம் ஆண்டின் நிகழ்வுகளுக்குப் பிறகு கிளீவ்லாந்து நகர மன்றம் வாளாவிருக்கவில்லை. பொழுதுபோக்குப் பூங்காக்களில் இனப் பாகுபாடு காட்டுவதைத் தடைசெய்யும் சட்டத்தை 1947ஆம் ஆண்டு இயற்றியது. இனி மண்டபம் எல்லாருக்கும் திறக்கும் என்று நாம் நினைப்போம். நடந்தது வேறு. நடன மண்டபம் தனியார் மன்றமாக மாற்றப்பட்டது. பொது இடத்துக்குத்தானே சட்டம்? உறுப்பினர்கள் மட்டும் வரும் இடத்தை அது கட்டுப்படுத்தாதே! பூங்கா அப்படியே இருந்தது, மண்டபம் அப்படியே இருந்தது. பெயர் மட்டும் மாறியது.

இதைப் படித்ததும் எனக்கு நினைவுக்கு வந்தவர்கள், அல்அஃராஃப் அத்தியாயத்தில் அல்லாஹ் குறிப்பிடும் கடற்கரை ஊரார். சனிக்கிழமையில் மீன் பிடிக்கக்கூடாது என்று அவர்களுக்குக் கட்டளை இருந்தது. அந்த நாளில்தான் மீன்கள் நீர்மட்டத்தில் கூட்டமாக வந்தன. அவர்கள் சனிக்கிழமைக்கு முன்பே வலையை விரித்து வைத்து, சனிக்கிழமை கழிந்த பின் எடுத்துக்கொண்டார்கள் என்று விரிவுரையாளர்கள் எழுதுகிறார்கள். சனிக்கிழமை கையால் எதையும் பிடிக்கவில்லை. சட்டத்தின் சொல் காப்பாற்றப்பட்டது. ஆனால் அல்லாஹ்வை ஏமாற்ற முடியுமா?

அநீதியைக் கைவிட மனமில்லாதவர்கள் அதற்கு ஒரு புதிய பெயரைத் தேடிக்கொள்வது எக்காலத்திலும் எவ்விடத்திலும் நிகழ்வது. ‘வழக்கம்’ என்பது ஒரு பெயர். ‘குடும்ப கௌரவம்’ என்பது ஒரு பெயர். ‘எங்களுக்குள்ளே மட்டும்’ என்பதும் ஒரு பெயரே.

ஒரே தட்டு

கிளீவ்லாந்தோடு நம் சமுதாயம் அறிந்த ஒருவருக்குத் தொடர்பு உண்டு. 1964ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் நாள் மால்கம் எக்ஸ் அந்த நகரின் தேவாலயம் ஒன்றில் புகழ்பெற்ற உரை ஒன்றை ஆற்றினார். வாக்குரிமையைப் பற்றியும் கறுப்பின மக்கள் அனுபவித்த அநீதியைப் பற்றியும் கொதித்துப் பேசிய உரை அது. பூங்காவின் வாசலில் நிகழ்ந்தவற்றைப் போன்ற எத்தனையோ நிகழ்ச்சிகளின் காயம் அவர் கேட்போரின் நெஞ்சில் இருந்திருக்கும். அதே மாதம் அவர் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டார். மக்காவிலிருந்து எழுதிய கடிதத்தில், வெண்ணிறத் தோலும் நீலக் கண்களும் கொண்ட முஸ்லிம்களோடு தாம் ஒரே தட்டில் உண்டதையும், ஒரே இறைவனை வணங்கியதையும் வியந்து குறிப்பிட்டார். வெள்ளையரைப் பற்றி அதுவரை தாம் கொண்டிருந்த கருத்துகள் சிலவற்றை மாற்றிக்கொள்ள வேண்டியிருந்ததாகவும் தெரிவித்தார். ஹாஜி மாலிக் அல்ஷபாஸ் என்னும் பெயரோடு அவர் ஊர் திரும்பினார்.

அவரை மாற்றியது நீண்ட விவாதம் அன்று; ஒரு தட்டு. நம் ஊர்களில் அதற்கு ஓர் அழகான பெயர் உண்டு: சஹன். நிக்காஹ் விருந்தில் ஒரு சஹனைச் சுற்றி நான்கைந்து பேர் அமர்ந்து ஒரே தட்டில் கைவைத்து உண்கிறோம். அதன் பரக்கத்தைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறோம். அப்படி அமரும்போது, அந்தச் சஹனில் யாரோடு யார் அமர்கிறார்கள் என்று நம் கண்கள் அளக்கின்றனவா, இல்லையா? இதற்கு ஒவ்வொருவரும் தத்தம் உள்ளத்தில் பதில் சொல்லிக்கொள்ள வேண்டும்.

"இது யார் வீட்டுப் பிள்ளை?"

சில ஆண்டுகளுக்கு முன் நான் வேறோர் ஊரில் கற்பித்துக்கொண்டிருந்தேன். ஒன்பது வயது மாணவி ஒருத்தி அங்கே ஓதினாள். அவளுடைய தந்தை முடிதிருத்தும் தொழில் செய்பவர். ஊரார் அந்தக் குடும்பத்தை ‘ஒஸ்தா வீடு’ என்பார்கள். தஜ்வீதில் அந்தச் சிறுமியை மிஞ்ச அந்த மதரஸாவில் ஆளில்லை. எழுத்துகள் அதனதன் இடத்திலிருந்து பிறக்கும்; நீட்ட வேண்டிய இடத்தில் நீட்டுவாள், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்துவாள். ஆண்டு விழாவில் தொடக்க கிராஅத் ஓத அவளையே தேர்ந்தெடுத்தேன். அர்ரஹ்மான் அத்தியாயத்தின் முற்பகுதியை ஓதப் பயிற்சி கொடுத்தேன்.

நிகழ்ச்சி நிரலைப் பார்த்த பெரியவர் ஒருவர், "இது யார் வீட்டுப் பிள்ளை?" என்று கேட்டார். சொன்னேன். அவர் கோபப்படவில்லை, குரலைக்கூட உயர்த்தவில்லை. "வெளியூரிலிருந்து விருந்தாளிகள் வருகிறார்கள். முதலில் வேறொரு பிள்ளை ஓதட்டும், இந்தப் பிள்ளை நடுவில் ஓதிக்கொள்ளட்டும்" என்றார். மதிப்பெண் பதிவேட்டை எடுத்து அவர் முன் வைத்து, "இந்த வரிசைப்படிதான் நிரல் எழுதியிருக்கிறேன். மாற்றுவதாக இருந்தால் காரணத்தையும் இதிலேயே எழுதிக் கையொப்பமிட்டுத் தாருங்கள்" என்றேன். அவர் எழுதவில்லை. சிறுமியே முதலில் ஓதினாள். அவை அமைதியாகக் கேட்டது.

ஆனால் அன்று அவளுடைய தந்தை கூட்டத்துக்குள் வரவில்லை. செருப்புகள் கிடக்கும் இடத்துக்கு அருகே, சுவரோரம் நின்று கேட்டுவிட்டு, மகள் ஓதி முடித்ததும் போய்விட்டார். இரண்டு நாள் கழித்து என்னிடம் வந்து, "ஆலிமாம்மா, புள்ள ஓதுனதே எங்களுக்குப் போதும். அடுத்த வருஷம் பேரு போட வேணாம்" என்றார். ஏன் என்று கேட்டதற்கு, "கடைக்கு நாலு பேரு வந்து போற பொழப்பு" என்று மட்டும் சொன்னார்.

மறுக்க என்னால் இயலவில்லை. அவருடைய பிழைப்பு அந்த நாலு பேரின் கையில் இருந்தது. அந்தச் சிறுமி தொடர்ந்து மதரஸாவுக்கு வந்தாள். ஆனால் "யார் ஓதுகிறீர்கள்?" என்று கேட்டால் முன்பு முதலில் உயர்ந்த அவள் கை, அதன் பிறகு உயர்வதில்லை. நான் அந்த ஊரை விட்டு வரும்வரை அப்படித்தான் இருந்தது.

அந்த ஊர் மதரஸாவின் வாசலில் யாரும் அவளைத் தடுக்கவில்லை. கட்டணமும் இல்லை. பள்ளிவாசலின் வரிசையில் அவள் தந்தை யாருடைய தோளோடும் தோள் சேர்த்து நிற்கலாம். நம் வாசல்கள் எல்லாருக்கும் திறந்தவை என்று நாம் உண்மையாகவே சொல்லலாம். யூக்ளிட் பீச் பூங்காவினரும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். வாசல் திறந்திருந்தது, மேடை, மண்டபம், சஹன், சம்பந்தம் ஆகிய உள்வாசல்களில்தான் காவலர் நின்றார்.

குலங்களும் கோத்திரங்களும் ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்கே என்றும், அல்லாஹ்விடத்தில் சிறந்தவர் இறையச்சம் மிக்கவரே என்றும் அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 13ஆம் வசனம் அறிவிக்கிறது. இந்த வசனத்தை நம் பிள்ளைகள் மனனமாக ஓதுவார்கள். அவர்கள் ஓதுவதை நாம் கேட்டுவிட்டு, எழுந்து சென்று, "யார் வீட்டுப் பிள்ளை?" என்று கேட்டால், அவர்கள் எதைக் கற்றுக்கொள்வார்கள்?

ஏரியும் மாசுபட்டது

பூங்காவின் இறுதிக்காலத்தையும் சொல்ல வேண்டும். 1960களில் கூட்டம் குறைந்தது. வீடுதோறும் காரும் தொலைக்காட்சியும் வந்தன. மக்களின் பொழுதுபோக்கு மாறியது. நடத்தும் செலவு ஏறியது. நகரத்தில் இனப் பதற்றம் கூடியது. ஆலைக் கழிவும் சாக்கடையும் கலந்து ஈரி ஏரி நோயுற்றது; நீராட வந்தவர்கள் நீரைக் கண்டு பின்வாங்கினார்கள். 1969ஆம் ஆண்டு ஜூன் 22ஆம் நாள், கிளீவ்லாந்தில் ஏரியோடு கலக்கும் குயஹோகா ஆற்றின் மேல் மிதந்த எண்ணெய்க் கழிவு தீப்பற்றி எரிந்தது. நீரை அல்லாஹ் நெருப்பை அணைக்கத் தந்தான். மனிதன் அதையே எரியவைத்தான். அதே ஆண்டு செப்டம்பர் 28ஆம் நாள் யூக்ளிட் பீச் பூங்கா நிரந்தரமாக மூடப்பட்டது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1967ஆம் ஆண்டு, அந்த நகர மக்கள் கார்ல் ஸ்டோக்ஸ் என்னும் கறுப்பினத்தவரைத் தங்கள் நகரத் தலைவராகத் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

ஓர் ஊரோ ஒரு தொழிலோ அழியும்போது, அது இன்ன பாவத்துக்கான தண்டனை என்று தீர்ப்புச் சொல்லும் அறிவு நமக்குக் கொடுக்கப்படவில்லை. பல காரணங்கள் சேர்ந்து அந்தப் பூங்கா மறைந்தது. நமக்குரிய வேலை படிப்பினை பெறுவது மட்டுமே.

இன்று அங்கே தோரண வாயில் எஞ்சியிருக்கிறது. 1973ஆம் ஆண்டு நகரத்தின் நினைவுச் சின்னமாக அதை அறிவித்தார்கள். 1910ஆம் ஆண்டின் குதிரை ராட்டினம் மெய்ன் மாநிலத்துக்கு விற்கப்பட்டு, பல ஆண்டுகள் அங்கே சுழன்று, பின்னர் மீட்கப்பட்டது. பழுது நீக்கப்பட்டு 2014ஆம் ஆண்டு கிளீவ்லாந்தின் வரலாற்று அருங்காட்சியகத்தில் மீண்டும் சுழலத் தொடங்கியது. எந்த நிறத்துப் பிள்ளையும் எந்தக் குதிரையிலும் இன்று ஏறலாம். அந்நகரத்து மக்கள் பூங்காவின் இனிய நினைவுகளோடு 1946ஆம் ஆண்டின் கதையையும் மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறார்கள். இதையும் நாம் அவர்களிடமிருந்து கற்கலாம்.

அன்புத் தாய்மார்களே, தந்தைமார்களே! அடுத்த விடுமுறையில் பிள்ளைகளை வெளியே அழைத்துச் செல்லுங்கள். ஆகுமான மகிழ்ச்சியை அவர்களுக்கு மறுக்காதீர்கள். செல்லும் வண்டியில் ஓர் இடம் இருந்தால், உங்கள் தெருவில் யாரும் அழைக்காத ஒரு வீட்டுப் பிள்ளையையும் ஏற்றிக்கொள்ளுங்கள். விருந்து வைத்தால், இதுவரை உங்கள் சஹனில் அமராத ஒருவரைக் கைப்பிடித்து அழைத்து உங்களருகே அமர்த்துங்கள். ஜமாஅத் பொறுப்பில் இருப்பவர்கள், மேடை நிரலிலும் நிர்வாகப் பட்டியலிலும் சம்பந்தம் பேசும் இடத்திலும் எந்தப் பெயர்கள் எப்போதும் இடம்பெறுவதில்லை என்று ஒருமுறை அமர்ந்து பாருங்கள். உங்கள் பிள்ளை மதரஸாவிலிருந்து வந்து ஒரு தோழியின் பெயரைச் சொன்னால், அவள் என்ன ஓதுகிறாள் என்று முதலில் கேளுங்கள்.

அந்தச் சிறுமிக்கு இப்போது பதினான்கு வயது இருக்கும். அவள் எங்கிருந்தாலும் அவளுடைய ஓதலை அல்லாஹ் உயர்த்துவானாக. நம் உள்ளங்களில் எஞ்சியிருக்கும் அறியாமைக் காலத்துப் பெருமையை அவன் அகற்றுவானாக. நம் வாசல்களையும் உள்வாசல்களையும் அவனுக்குப் பொருத்தமானவையாக ஆக்கியருள்வானாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாம்.